நாற்பத்தேழு நிமிடம், மேடைக்கு முதுகு

மூன்று நிமிடச் சுற்றுகள் பன்னிரண்டு. நடுவே ஒரு நிமிட இடைவேளைகள் பதினொன்று. மொத்தம் நாற்பத்தேழு நிமிடம். 2024 மே மாதம் ரியாத்தில், ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் நான்கு உலகப் பட்டங்களும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்த சண்டை அவ்வளவு நேரம் நடந்தது. திருச்சி பீமநகரைச் சேர்ந்த அப்துல் அஹத், அந்த நாற்பத்தேழு நிமிடமும் மேடையிலிருந்து பதினைந்தடி தூரத்தில் நின்றார். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அவருக்கு அன்று அங்கே வேலை. பச்சைப் பளபளப்புச் சட்டையை மாட்டிவிட்டு, தடுப்புக்கம்பிக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, ஒரே ஒரு உத்தரவு கொடுத்திருந்தார்கள்: கூட்டத்தைப் பார், மேடையைப் பார்க்காதே. மாலையில் நடந்த சில்லறைச் சண்டை ஒன்றின்போது திரும்பிப் பார்த்த இரண்டு பேரைக் கண்காணிப்பாளர் கையோடு வெளியே அனுப்பிவிட்டார். பெரிய திரைகள் இருந்தன. அவையும் மேடைக்கு மேலே, அவருடைய முதுகுப் பக்கத்தில்தான் தொங்கின. மூன்றாவது வரிசையில் ஒருவர் போட்டிருந்த மூக்குக் கண்ணாடியில் மேடை வெளிச்சம் இரண்டு சின்னச் சதுரமாகத் தெரிந்தது. ஆட்கள் தெரியவில்லை.

இப்போது அஹத்துக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்தைந்து வருட சவூதி வாழ்க்கையை முடித்துக்கொண்டு 2025 ஜனவரியில் ஊருக்கு வந்துவிட்டார். குளிர்சாதனம் பழுதுபார்ப்பதுதான் அவர் தொழில். பெரிய நிகழ்ச்சி என்றால் அவர் வேலை பார்த்த நிறுவனம் கையில் கிடைத்தவர்களையெல்லாம் கூட்டம் பார்க்க அனுப்பும். அப்படித்தான் அவர் அங்கே போய் நின்றார்.

குத்துச்சண்டையில் ஒரே எடைப்பிரிவுக்கு நான்கு சங்கங்கள் நான்கு பட்டம் தருகின்றன. ஆகவே ஒரே நேரத்தில் நான்கு பேர் உலக சாம்பியன் என்று சொல்லிக்கொண்டு திரியலாம். நான்கையும் ஒருவரே வைத்திருந்தால் அவர் அன்டிஸ்ப்யூட்டட், அதாவது மறுபேச்சில்லாத சாம்பியன். ஹெவிவெயிட்டில் கடைசியாக அப்படி ஒருவர் வந்தது 1999 நவம்பரில். அப்போது பட்டங்கள் மூன்று. அந்தச் செய்தியை அஹத் திங்கட்கிழமைப் பேப்பரில் படித்தார். மூன்று மாதம் கழித்து, 2000 பிப்ரவரியில், விமானம் ஏறினார். அடுத்த மறுபேச்சில்லாத ஹெவிவெயிட் சாம்பியன் வர 2024 ஆகிவிட்டது.

ஊரில் இருந்த காலத்தில் திருவானைக்காவலில் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். வி.சி.ஆர். பழுது பார்த்து முடித்ததும் ஒரு கேசட் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். படம் நடுங்குகிறதா, கோடு விழுகிறதா என்று அப்போதுதான் தெரியும். அந்தக் கடையில் சோதனைக்கென்று வைத்திருந்தது ஒரு குத்துச்சண்டை கேசட். பொன்மலைக்காரர் ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்த மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனது. 1985-ல் நடந்த மிடில்வெயிட் சண்டை, மூன்றே சுற்று. இரண்டு பேரும் முதல் மணியிலிருந்து நின்ற இடத்தில் நின்று அடித்துக்கொள்வார்கள். அவ்வளவு வேகமாக ஆட்கள் நகரும் படம் சோதனைக்கு நல்லது என்பது கடை முதலாளியின் கண்டுபிடிப்பு. ஐந்து வருடத்தில் அஹத் அதை எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. யாருடைய கை எப்போது எங்கே விழும் என்பது மனப்பாடம்.

மற்ற சண்டைகளெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவை. 1971 மார்ச்சில் தோல்வியே காணாத இரண்டு பேர் பதினைந்து சுற்று மோதியது. 1988-ல் தொண்ணூற்றொரு விநாடியில் முடிந்தது. 1990-ல் டோக்கியோவில் யாரும் மதிக்காத ஒருவர் பத்தாவது சுற்றில் அன்றைய சாம்பியன் டைசனைச் சாய்த்தது. புள்ளி போடும் முறையும் அவருக்கு அத்துப்படி. சுற்றை வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது. அடி தாங்காமல் ஒருவர் விழுந்தாலோ, விழாமல் கயிற்றில் சாய்ந்து நிற்பவரைப் பார்த்து நடுவர் எண்ணத் தொடங்கினாலோ, அவருக்கு ஒன்பது எட்டாகிவிடும்.

அந்த ஒரு புள்ளிதான் பிறகு அவரைப் படுத்தியது.

இருபத்தைந்து வருடத்தில் அஹத் ஊரில் இல்லாமல் போன நாட்களைச் சொல்லத் தொடங்கினால் நீளும். அம்மா இறந்தபோது ஜனாஸா அடக்கத்துக்கு வர முடியவில்லை. மகள் மெஹ்ரீன் பிறந்து பதினான்கு மாதம் கழித்துத்தான் அவளைத் தூக்கினார். வீடு கட்டியபோது கூடத்துக்கு என்ன நிறத்தில் டைல்ஸ் என்பதை வீடியோ காலில் தேர்ந்தெடுத்தார்; வந்து பார்த்தபோது வேறு நிறமாக இருந்தது. எது நடந்தாலும் அஹத் அங்கே இல்லை என்பதே அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டது. அவர் 'இருந்தேன்' என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு இடம்தான் உண்டு. ரியாத்தில், அந்த நாற்காலி வரிசைகளுக்கு முன்னால்.

அவர் நின்ற பகுதியில் முக்கால்வாசிப் பேர் இங்கிலாந்துக்காரர்கள். தங்கள் ஆள் டைசன் ஃபியூரிக்காகத் தொண்டை கிழியப் பாடினார்கள். எதிராளி உக்ரைனின் அலெக்சாண்டர் உசிக். முதல் மணி அடித்ததும் அஹத் ஒரு முடிவுக்கு வந்தார். பார்க்கத்தான் முடியாது, புள்ளி போடலாமே.

சத்தம் போடுகிறவர்களை நம்பி எந்தப் பயனும் இல்லை என்பது ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது. தங்கள் ஆள் கையை ஓங்கினாலே அவர்கள் கத்தினார்கள். ஆகவே அவர் சும்மா இருந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கினார். மூன்றாவது வரிசை மூக்குக் கண்ணாடிக்காரர். அவருக்குப் பின்னால் வயதான ஓர் அம்மாள். ஓரத்தில் சூயிங்கம் மென்றுகொண்டிருந்த ஒரு தடியர். தடியரின் தாடை நின்றால் அடி உசிக்குடையது. அம்மாள் நாற்காலிக் கைப்பிடியை விட்டுவிட்டால் ஃபியூரி நன்றாக ஆடுகிறார்.

பேப்பர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. கணக்கு வைத்துக்கொள்ள அவருக்குக் கையே போதும். தொழுகை முடிந்து இறைவனைத் துதிக்கும் திக்ரு எண்ணுவது விரல் கணுக்களில்தான். கட்டைவிரலை விட்டால் நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, பன்னிரண்டு. சுற்றும் பன்னிரண்டு. சுண்டுவிரல் அடிக்கணுவில் தொடங்கி, ஒவ்வொரு இடைவேளையிலும் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து இடது கையில் ஓர் அடையாளம் வைத்தார். உசிக்குக்குப் புள்ளி, ஃபியூரிக்குக் கோடு.

ஒன்பதாவது சுற்று நடுவிரலின் மேல்கணு. அதன் கடைசி நிமிடத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவன் தடுப்புக்கம்பி மேல் காலை வைத்து ஏறினான். அஹத் இரண்டு கையாலும் அவன் மார்பில் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கையிலேயே மணி அடித்தது. உசிக் சுற்று என்பதில் சந்தேகமில்லை. புள்ளி வைத்தார்.

சண்டை முடிந்தபோது கையில் ஆறு புள்ளி, ஆறு கோடு. நூற்றுப்பதினான்குக்கு நூற்றுப்பதினான்கு. சமன்.

அறிவிப்பு வேறு மாதிரி வந்தது. புள்ளி போடும் மூன்று நீதிபதிகளில் ஒருவர் 115-112 என்று உசிக்குக்கு. இன்னொருவர் 114-113 என்று ஃபியூரிக்கு. மூன்றாமவர் 114-113 என்று உசிக்குக்கு. உசிக் மறுபேச்சில்லாத சாம்பியன். பிறகு தொழிலாளர்களை அறைக்குத் திருப்பிக் கொண்டுபோன பஸ்ஸில், அஹத் கணுக்களைத் திரும்பத் திரும்ப எண்ணினார். ஒரு புள்ளி இடித்தது. எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. கையைப் போட்டோ எடுத்து மனைவி சாரா பீவிக்கு அனுப்பினார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "சாரா, உலகமே பாத்த ஃபைட்டு. நான் அங்கதான் இருந்தேன்."

அங்கே இருந்தேன் என்பது பீமநகருக்குள் வந்து சேர்வதற்குள் நேரில் பார்த்தேன் என்று மாறிவிட்டது. சாரா பீவி பக்கத்து வீட்டில் சொன்னார். மெஹ்ரீன் காலேஜில் சொன்னாள். தெருமுனையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நவநீதன் காதுக்கும் போனது. நவநீதனுக்கு வயது முப்பத்திரண்டு. ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜிம்மில் குத்துச்சண்டை பழகுகிறவர். உசிக்–ஃபியூரி சண்டையை எட்டு முறை பார்த்தவர். அஹத் ஊர் திரும்பிய வாரமே கடையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்.

"பாய், வாங்க வாங்க! டீ சொல்றேன். ஒன்பதாவது ரவுண்டு நேர்ல எப்படி இருந்துச்சு?"

"எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க."

"அது சரி. மேடையில என்ன ஆச்சு?"

"அது... நான் கூட்டத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன் தம்பி."

நவநீதன் டீ கொண்டுவந்த பையனிடம் திரும்பி, "கல்யாணத்துக்குப் போயிட்டு பந்திய மட்டும் பாத்துட்டு வந்த கதைடா இது" என்றார். கடையில் இருந்த மூன்று பேர் சிரித்தார்கள். அஹத்தும் சிரித்துவைத்தார். டீயை முழுதாகக் குடிக்காமல் வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு தெருவில் இது ஒரு விளையாட்டாகிவிட்டது. அரங்கத்தில் அவர் டாய்லெட் ஏ.சி.யைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்றார்கள். சண்டை நடந்த அன்று அவர் ரியாத்திலேயே இல்லை, தம்மாம் நகரத்தில் இருந்தார் என்று ஒருவர் சத்தியம் செய்தார். ஏப்ரலில் மெஹ்ரீன் காலேஜிலிருந்து வந்ததும் வராததுமாகப் பையைத் தூக்கிப் போட்டாள். அவளோடு பி.காம் படிக்கும் கனிஷ்கா, நவநீதனின் தங்கை.

"அத்தா, ஒழுங்கா சொல்லுங்க. நீங்க ஃபைட் பாத்தீங்களா, இல்ல சமோசா வித்தீங்களா? க்ளாஸ்ல அப்படித்தான் கேக்குறாங்க."

"நான் அங்க இருந்தேம்மா."

"இருந்தீங்க, இருந்தீங்க. அப்ப என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

அவர் கீழே கிடந்த பையை எடுத்து நாற்காலியில் வைத்தார். அதன்பின் அவளும் கேட்கவில்லை.

யூடியூபில் தட்டினால் சண்டை வந்துவிடும். சாரா பீவி அதைத்தான் சொன்னார். "ஒரு தடவ பாத்துட்டு, போய் ஒப்பிச்சிட வேண்டியதுதானேங்க? இதுக்குப் போய் மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டு."

அஹத் பார்க்கவில்லை. பார்த்தால் தன்னிடம் இருப்பது கலைந்துவிடும் என்பது அவர் எண்ணம். அன்று கூட்டத்தின் முகத்தில் கண்டது எது, பிறகு திரையில் கண்டது எது என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். சாட்சி சொல்கிறவன் மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கூண்டில் ஏறக்கூடாது என்று ஒருமுறை சாரா பீவியிடம் சொன்னார். "யாரு உங்கள கூண்டுல ஏத்துனது?" என்று அவர் கேட்டுவிட்டு அரிசி களையப் போனார். சண்டையைப் பற்றிய செய்திகளையும் அஹத் படிப்பதில்லை. செல்போனில் அந்தப் பெயர்கள் தட்டுப்பட்டாலே விரல் மேலே தள்ளிவிடும்.

வீட்டில் அவர் பொழுது மெதுவாகப் போனது. எந்த டப்பாவில் சீனி இருக்கிறது என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தாயும் மகளும் பேசிச் சிரிக்கும்போது அவர் உள்ளே வந்தால் பேச்சு கொஞ்சம் தாழும். கோபமெல்லாம் இல்லை. விருந்தாளி வந்தால் அப்படித்தானே ஆகும்? கல்யாண வீடுகளில் எல்லோரும் மேடையைப் பார்த்திருக்க, அவர் வாசல் பக்கம் நின்று வந்தவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். பழக்கம் விடவில்லை. ஜும்மா முடிந்து வெளியே வந்தால் கை கொடுப்பார்கள், நலம் விசாரிப்பார்கள். பிறகு யாராவது ஒருவர், "என்ன பாய், அடுத்த ஃபைட்டு எப்ப?" என்பார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் தைரியராஜ் தேடி வந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில்வே அணிக்காகக் குத்துச்சண்டை ஆடியவர். ஸ்ரீரங்கம் காந்தி ரோட்டில் ஒரு பெயின்ட் கடை மாடியில் நவநீதன் பழகும் ஜிம் இவருடையதுதான். செப்டம்பர் 14 ஞாயிறு காலை, லாஸ் வேகஸில் இன்னொரு மறுபேச்சில்லாத சாம்பியன் சண்டை. சூப்பர் மிடில்வெயிட்டில் கனேலோ அல்வாரெஸும் டெரன்ஸ் க்ராஃபர்டும். ஜிம் சுவரில் புரொஜெக்டர் போட்டுக் காட்டப் போகிறார்.

"சண்டைக்கு முன்னாடி நீங்க பத்து நிமிஷம் பேசணும் பாய். ரியாத்துல பாத்தத."

"அண்ணே, எனக்குப் பேச வராது."

"எனக்குந்தான் வராது. நாப்பது வருஷமா பேசலையா?"

அஹத் ஒத்துக்கொண்டார். பொய்யாக நான்கு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருவதா, உண்மையைச் சொல்லிவிட்டுத் தெருவில் மிச்சம் இருந்த பெயரையும் தொலைப்பதா என்று ஒரு வாரம் அவருக்குள் ஓடியது. உண்மையைச் சொன்னாலும் அவர் அங்கே இருந்தார் என்பதை யார் நம்புவார்கள்? அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவருக்கு வேண்டியது. வேறு எதுவும் வேண்டாம்.

ஞாயிறு காலை பாலக்கரையில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினார். மெஹ்ரீனைக் கூப்பிட்டார், படிக்க இருக்கிறது என்றாள். எட்டு மணிக்கு ஜிம்மில் முப்பது பேர் இருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் சுருட்டித் தள்ளிய பாய்கள், வெண்பொங்கல் பொட்டலங்கள் நிறைந்த ஒரு கூடை. தைரியராஜ் மைக் இல்லாமலே முழங்கினார்.

"நம்ம திருச்சியில அன்டிஸ்ப்யூட்டட் ஹெவிவெயிட் ஃபைட்ட நேர்ல பாத்த ஒரே ஆளு, நம்ம அஹத் பாய்!"

கை தட்டினார்கள். அஹத் எழுந்தார்.

"நான் பாக்கலீங்க," என்றார்.

தைரியராஜ் கூடையிலிருந்து கையை எடுத்தார்.

"அங்க இருந்தேன். பாக்கல. கூட்டத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற வேலை. மேடைக்கு முதுகக் காட்டித்தான் நின்னேன்."

"அதத்தான சார் நானும் ஒன்பது மாசமா சொல்றேன்!" நவநீதன் பின்வரிசையிலிருந்து கத்தினார். "புறமுதுகு காட்டுன வீரரு!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அஹத் உட்காரவில்லை. "ஆனா புள்ளி போட்டேன்," என்றார். "முகத்தப் பாத்து. கையில எழுதி."

"அத்தாட்சி இருக்கா பாய்? இல்ல, கையோட கழுவிட்டீங்களா?"

போட்டோ எடுத்த போன் சவூதியிலேயே உடைந்துபோயிருந்தது. அந்தக் கையை அவர் யாரிடமும் காட்டாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: கணக்கு ஒரு புள்ளி தப்பு. தப்பாகப் போட்ட கணக்கை எதற்கு நீட்ட வேண்டும்? இப்போது வேறு வழியில்லை. வீட்டுக்குப் போன் போட்டார். நவநீதன் எழுந்து வந்து ஸ்பீக்கரை அமுக்கினார்.

"சாரா, போன வருஷம் என் கைய போட்டோ எடுத்து அனுப்புனேனே, அது உன் போன்ல இருக்கா?"

"எந்தக் கை?" சாரா பீவியின் குரல் ஜிம் முழுக்கக் கேட்டது.

"பேனாவுல கிறுக்கியிருந்தது."

"இருக்கும். நான் எதத்தான் அழிச்சேன்? எதுக்கு இப்ப? அடுப்புல பால் இருக்கு."

"மெஹ்ரீன்ட்ட குடு. தேதி தெரியுற மாதிரி எடுத்து அனுப்பச் சொல்லு."

போனுக்குள் பாத்திரம் வைக்கும் சத்தம். யாரோ முனகுவது. நான்கு நிமிடம் ஆயிற்று. சுவரில் விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவர் பொங்கலைப் பிரிக்கலாமா என்று கேட்டார். பிறகு அஹத்தின் போன் அதிர்ந்தது.

2024 மே 19 என்று தேதி. இடது உள்ளங்கை, கணுக்களில் நீல மை. அதற்குக் கீழே சாரா பீவி அன்று அனுப்பிய பதில்: கைய கழுவிட்டு சாப்பிடுங்க.

தைரியராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். சுண்டுவிரலில் தொடங்கி வாய்க்குள் எண்ணினார்.

"ஆறு, ஆறு. ட்ரா குடுத்திருக்கீங்க."

"ஆமாண்ணே. ஒரு புள்ளி எங்கேயோ விட்டுட்டேன்."

"ஒன்பதாவது ரவுண்டு உசிக்குக்கு. எத்தன?"

"பத்து, ஒன்பது."

"பத்து, எட்டு இல்ல?"

"ஏன் எட்டு? அவரு விழுந்தாரா?"

தைரியராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "ரெஃப்ரி எண்ணுனாரே பாய். அவரு கயித்துல மாட்டிக்கிட்டு நிக்கையில எண்ணுனாரே."

"எப்ப எண்ணுனாங்க?" என்று அஹத் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் இடது கையைத் திருப்பி நடுவிரலின் மேல்கணுவைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "அப்பதான் ஒருத்தன் கம்பி மேல ஏறிட்டான். அவனத் தள்ளிக்கிட்டு இருந்தேன்."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. தைரியராஜ் நவநீதன் பக்கம் திரும்பினார்.

"நீ எட்டு தடவ பாத்தியேடா. அந்த ரவுண்டுக்கு நீ பத்து-ஒன்பது போடுவியா?"

"எவன் சார் போடுவான்? சின்னப் புள்ள கூட எட்டுதான் போடும்."

"பொய் சொல்ல வர்றவன் பரீட்சைக்குப் படிச்சிட்டு வருவான்யா. இவரு படிக்காம வந்திருக்காரு. கண்ணால பாத்தவனும் இந்தத் தப்ப செய்ய முடியாது, பேப்பர்ல படிச்சவனும் செய்ய முடியாது. அன்னிக்கு அங்க நின்னு, திரும்பாம இருந்தவன் ஒருத்தன்தான் செய்ய முடியும்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "அந்த ஒரு புள்ளியச் சேத்துப் பாருங்க பாய். நூத்திப் பதினாலு, நூத்திப் பதிமூணு. மூணாவது ஜட்ஜ் போட்ட கணக்கு."

நவநீதன் போனை மறுபடி வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, தேதியைப் பார்த்தார், மையைப் பார்த்தார். "தப்பா நெனச்சிட்டேன் பாய்," என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "ஒரு தடவ கூட திரும்பலையா?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி."

"என்னால முடியாது பாய்."

அதற்குள் சுவரில் லாஸ் வேகஸ் வந்துவிட்டது. எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். பத்து நிமிடப் பேச்சு அத்துடன் முடிந்தது. அஹத் கதவருகே போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் முப்பது முகங்களும் தெரியும். தைரியராஜ் அவர் தோளைப் பிடித்து மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தார்.

நேரலையில் ஒரு மறுபேச்சில்லாத சாம்பியன் சண்டையை அவர் முழுதாகப் பார்த்தது அதுவே முதல் முறை. ஆரம்பத்தில் சிரமமாக இருந்தது. கனேலோவின் வலது கை விழுந்த ஒவ்வொரு முறையும் அவர் கண் பக்கத்து நாற்காலிக்காரரின் முகத்துக்குப் போய்விட்டுத்தான் திரும்பியது. நான்காவது சுற்றுக்குமேல் கொஞ்சம் நிலைத்தது. விரல் கணுக்களில் எண்ணினார். முடிவில் க்ராஃபர்டுக்கு 115, கனேலோவுக்கு 113. இரண்டு நீதிபதிகள் அதையே போட்டிருந்தார்கள்; மூன்றாமவர் 116-112. தன் கணக்கைச் சொல்லலாம் என்று பக்கத்தில் திரும்பினார். நாற்காலி காலி. எல்லோரும் பொங்கல் கூடையைச் சுற்றி நின்று, ஏழாவது சுற்று யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவரைக் கடந்து போகும்போது, "சூப்பர் பாய்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் சாரா பீவியின் போன் வந்தது. வரும் வழியில் தயிர் வாங்கிவரச் சொன்னார். ஜிம்மில் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, பஸ்ஸில் சத்தம்.

வீட்டில் மெஹ்ரீன் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். "அத்தா, கனிஷ்கா மெசேஜ் போட்டா. அவங்க அண்ணன் சொன்னாராம்." போனை அவர் பக்கம் நீட்டினாள். "அந்தக் கை போட்டோவ க்ளாஸ் குரூப்ல போட்டுட்டேன். பரவால்லையா?"

"போடும்மா."

"ஒன்பதாவது ரவுண்டுல கம்பி மேல ஏறுனவன் அப்புறம் என்ன ஆனான்?"

"எறங்கிப் போய் ஒக்காந்துட்டான். கடைசியில எங்கிட்ட மன்னிப்பு கேட்டான். அழுதுக்கிட்டு இருந்தான்."

"எதுக்கு?"

"அவங்க ஆளு தோத்துட்டாருல்ல."

அவள் சிரித்தாள். ஒரு வருடத்துக்கு மேல் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. அவர் மேலும் சொல்லத் தயாரானார், தடியரின் தாடையைப் பற்றி, அந்த வயதான அம்மாளைப் பற்றி. அதற்குள் அவள் போன் அடித்தது. பேசிக்கொண்டே அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். இனி அந்தச் சண்டையைப் பார்க்கலாம் என்று சாரா பீவியிடம் சொன்னார். யூடியூபில் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள். சாரா பீவி தயிரைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டே, "இத ஜனவரியிலயே பாத்திருக்கலாம்," என்றார்.

அடுத்த ஞாயிறு, செப்டம்பர் 21, பகல் பதினோரு மணிக்கு என்று வைத்திருக்கிறார். முழுப் பதிவு, பன்னிரண்டு சுற்றும். அன்று சாரா பீவியும் மெஹ்ரீனும் ஒரு நிச்சயதார்த்தத்துக்காகப் புதுக்கோட்டை போகிறார்கள். திரும்ப இரவு ஆகும்.